ஊசி தனக்குத் தைத்துக்கொண்ட பதவி

என் அக்காவின் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "யூனிஃபார்ம் கம்பெனியில இருக்கார்" என்று அக்கா அதோடு நிறுத்திக்கொள்வாள். பொய்யில்லை. காவலாளிகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், ஓட்டல் பணியாளர்கள் என்று சட்டைப்பைக்கு மேலே ஏதாவது சின்னத்தோடு திரிகிற ஆட்களில் பாதிப் பேருக்கு அதைப் போட்டுக் கொடுத்தவர் அத்தான்தான். ஒரு படத்தைக் கொடுத்தால், எம்பிராய்டரி மெஷினின் ஊசி எங்கே இறங்கி, எந்தப் பக்கம் சாய்ந்து ஓடி, எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டுவிடுவார். மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

அக்கா சொல்லாமல் விடுவது அவருடைய இன்னொரு வேலையை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு விண்வெளித் தொடர் டிவியில் வந்தது. ஒரே வருடம் ஓடி, கதை பாதியில் நிற்க, மூடிவிட்டார்கள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் இன்னும் அந்தக் கப்பலை விட்டு இறங்கவில்லை. அதன் மாலுமிகளைப் போல உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஊருக்கு ஒரு குழுவாக, அந்தக் குழுவுக்கும் கப்பல் என்றே பெயர் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை வாடகை ஹாலில் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. தொடரில் கேப்டனின் காலர் பட்டையும் டாக்டரின் பட்டையும்தான் தெளிவாகத் தெரியும். மற்ற ஆட்கள் எல்லாம் பின்னால் மங்கலாக நடந்து போவார்கள். நூறு பேர் இருக்கிற கப்பலில் இரண்டே பதவி இருந்தால் எப்படி?

அந்த மீதிப் பதவிகளை உண்டாக்கியவர் அத்தான். படத்தை நிறுத்தி நிறுத்தி, மங்கலான காலர்களைப் பெரிதாக்கிப் பார்த்து, அகப்படாததைத் தானே யோசித்து, பயிற்சி மாலுமியிலிருந்து அட்மிரல் வரைக்கும் ஒரு வரிசையே போட்டார். சாம்பல் துணியில் சாய்ந்த வெள்ளிக் கோடுகள். எஞ்சின் பிரிவுக்குக் கோடு நடுவில் உடைந்திருக்கும். "ஒரு பதவிக்கும் அடுத்த பதவிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்கணும் மாப்ளே. ரெண்டு இருந்தா பாக்குறவன் குழம்புவான். கண்ணாடி போடாதவனுக்கும் ஹாலோட அந்தக் கோடியிலிருந்து தெரியணும்" என்பார். அந்த டிசைன்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தார். பெயர் போடவில்லை, ஓரத்தில் ஒரு குட்டி ஊசிப் படம் மட்டும். அதனால் கண்காணாத ஊர்களில் எல்லாம் அவருக்கு ஊசி என்று பெயர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். நான் பிறந்த ஊரில் பள்ளிக்கூடமே எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல் படிக்கப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். நடந்தேன், வாங்கினேன். இதைச் சொல்ல எனக்கு எங்கேயும் கூச்சமில்லை. பட்டம், பதவி என்றால் வியர்வை சிந்தி வாங்குவது என்று நினைக்கிறவன் நான். ஆகவே இல்லாத கப்பலின் இல்லாத பதவிக்கு அவர் இரவல் மெஷினில் கண் வலிக்க உட்காருவதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "பூமியில ஒரு இன்கிரிமென்ட் வாங்கத் துப்பில்ல. ஆகாயத்துல அட்மிரலுக்குப் பட்டை தைக்கிறார்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அத்தான் காதில் வாங்காதவர் போல நூலைக் கோத்துக்கொண்டிருப்பார்.

சிரிப்பு நின்றது அவர்களுடைய விதிகளைக் கேட்ட பிறகு. அங்கே யாரும் தன் இஷ்டத்துக்குப் பட்டை குத்திக்கொள்ள முடியாது. கூட்டத்தில் வேறொருவர் எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும், ஓட்டு விழ வேண்டும், இன்னொருவர் கையால் குத்திவிட வேண்டும். தனக்கு வேண்டும் என்று தானே கேட்கக் கூடாது. ஒவ்வொரு வருடக் கூட்டத்துக்கும் ஓரத்தையலுக்கு ஒரு நிறம். அழைப்போடு அந்த நிறத்தையும் அறிவித்துவிடுவார்கள். காலரைப் பார்த்தாலே இந்த ஆள் எந்த வருடம் பதவி வாங்கினார் என்று சொல்லிவிடலாம். இந்த விதிகளை எல்லாம் எழுதியவரும் அத்தான்தான்.

எழுதியவருக்கு அந்த விதியே வினையாகிப் போனது. கூட்ட நாளன்று அவர் ஒரு மூலையில் மேசை போட்டு, இஸ்திரிப் பெட்டியும் கத்தரியுமாக நின்று, பிய்ந்த காலரைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருப்பார். மேடையில் ஓட்டு நடக்கும். அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வெறுப்பினால் இல்லை, பந்தியில் பரிமாறுகிற ஆள் சாப்பிட்டாரா என்று யார் கேட்கிறார்கள்? வருடக்கணக்காக அவர் பயிற்சி மாலுமியாகவே இருந்தார். ஒரே ஒரு கோடு.

ஒரு வருடம் ஒரு பேக்கரிக்காரர் புதிதாக வந்து சேர்ந்தார். அடுத்த கூட்டத்திலேயே அவருக்கு இளநிலை அலுவலர் பதவி விழுந்தது. பட்டையை வாங்க மேசைக்கு வந்தவர் அத்தானின் காலரைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நீங்க இன்னும் பயிற்சியிலயே இருக்கீங்களா? பரீட்சையில தோத்துட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், கேலி என்றுகூட நினைத்திருக்க மாட்டார். அத்தானும் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை என்று அக்கா போனில் சொன்னாள்.

இதற்கு அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

படிப்பு முடித்து வேலை கிடைத்து நான் வேறு ஊரில் ஒரு அறை எடுத்திருந்தேன். "மெஷின் டிரெய்னிங்குக்கு வர்றேன், உன் ரூம்ல தங்கிக்கிறேன்" என்று அத்தான் போன் செய்தார். வந்தார். காலையில் குளித்துவிட்டு, பையிலிருந்து சாம்பல் உடுப்பை எடுத்து என் கட்டிலில் விரித்தார்.

"டிரெய்னிங்குக்கு இதையா போட்டுட்டுப் போறீங்க?"

"டிரெய்னிங் எல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ளே. இந்த ஊர்க் கப்பலோட கூட்டம் நடக்குது. சும்மா எட்டிப் பாத்துட்டு வரலாம். அக்காகிட்ட மூச்சு விடாத."

காலரில் இரண்டு கோடுகள் இருந்தன. இளநிலை அலுவலர். வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினேன். அவர் கையைக் கொடுக்காமல் கண்ணாடியைப் பார்த்தபடி, "யாரும் குடுக்கல. நானே தச்சுக்கிட்டேன்" என்றார். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார். ஒரு வருடம் எல்லா ஊர்க் கப்பல்களுக்கும் சேர்த்து ஒரே கூட்டமாக வைத்திருந்தார்களாம், மழையில் ஹாலின் கூரை ஒழுகி அதுவும் நடக்கவில்லையாம். அந்த வருடத்துக்கு என்று அறிவித்திருந்த செங்கல் நிற நூல் பிரிக்காமல் அப்படியே கிடந்ததாம். அதைத்தான் ஓரத்துக்குப் போட்டிருக்கிறார். "மத்த வருஷ நிறத்தைப் போட்டா, அந்த வருஷம் ஓட்டு வாங்கினவங்க கூட நான் போய் நிக்கிற மாதிரி ஆயிடும். இதுல யாரும் இல்ல. யாரோட எடத்தையும் நான் எடுத்துக்கல."

திருடப் போகிறவர் ஆளில்லாத வீடாகப் பார்த்துப் போனது போல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. காலரை நீவி நீவி விட்டுக்கொண்டார். என்னையும் கூட வரச் சொன்னார்.

ஒரு ஜிம்முக்கு மேல்மாடியில் ஹால். கீழே இரும்புத் தட்டுகள் விழும்போதெல்லாம் மேலே தரை அதிர்ந்தது. வாசலில் பதிவு மேசை. அதில் ஒரு மருந்துக்கடைப் பெண் உட்கார்ந்திருந்தாள், டாக்டர் பட்டை. சுவரில் பெரிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அத்தானின் பட்டை வரிசை முழுவதும், கீழே ஒவ்வொரு வருடத்தின் நிறம், ஓரத்தில் குட்டி ஊசி. அத்தான் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருடைய வீட்டில்கூட அதை யாரும் சுவரில் மாட்டியதில்லை.

"வாங்கய்யா, வெளியூரா?" என்றாள் அந்தப் பெண். காலரைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தவள், மறுபடி காலரைப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"ஐயா, இது செங்கல் ஓரமாச்சே?"

"ஆமா."

"அந்த வருஷம் கூட்டமே நடக்கலையே. ஊசி சார் வரிசையில 'யாருக்கும் இல்லை'ன்னு போட்டிருக்காரே?"

அத்தான் காலரைக் கையால் மறைத்துக்கொண்டார். பக்கத்தில் வரிசையில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தொப்பையும் அட்மிரல் பட்டையுமாக ஒருவர் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவராம். "என்னம்மா தகராறு?"

"தகராறு இல்ல சார். ஐயா தெரியாம யார்கிட்டயோ வாங்கிப் போட்டுக்கிட்டார் போல." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். காப்பாற்றத்தான் பார்த்தாள். "பரவாயில்லைங்கய்யா. ஆனா அதைக் கழட்டிடுங்க. ஊசி சார் கேள்விப்பட்டா ரொம்ப வருத்தப்படுவார்."

அத்தானின் காது மடல் சிவந்து, கழுத்து சிவந்து, சிவப்பு அந்தக் காலர் வரைக்கும் இறங்கியது. தலையை ஆட்டிவிட்டுக் கழற்றியிருந்தால் அதோடு போயிருக்கும். என்ன நினைத்தாரோ, "நான்தான்மா அந்த ஊசி" என்றார்.

அட்மிரல் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீங்க ஊசின்னா நான் நூல்!"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை இருந்த கனிவு அவள் முகத்திலிருந்து போய்விட்டது. "பட்டை போட்டுக்கிட்டதைக்கூட விட்டுடலாங்கய்யா. அவர் பேரைச் சொல்லாதீங்க. தனக்குன்னு ஒரு கோடு கூட எடுத்துக்காத மனுஷன் அவர்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், போனை எடுங்க. ஃபைலைக் காட்டுங்க. ஒரு நிமிஷத்துல வாயை மூடிருவாங்க" என்றேன். அவர் போனை எடுக்கத்தான் போனார். பாதி எடுத்ததைத் திரும்பப் பைக்குள் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பட்டையைப் பிய்த்து எடுத்தார். "தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றார். அவர்கள் பண்பானவர்கள். 'விருந்தினர்' என்று ஒரு ஸ்டிக்கரை நீட்டினார்கள். அவர் அதை வாங்கி நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, அதோடேயே படியிறங்கினார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா?"

"நம்பியிருப்பாங்க."

"அதான் மாப்ளே. இப்ப என்ன ஆச்சு? யாரோ ஒரு கிறுக்கன் வந்து பொய் சொல்லிட்டுப் போனான். ஊசிக்கு ஒண்ணும் ஆகல. காட்டியிருந்தா ஊசிதான் அந்தக் கிறுக்கன்னு ஆயிருக்கும்."

உடுப்பின் மேல் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வெயிலில் இரண்டு சட்டை.

ஊருக்குப் போனவர் மறுவாரம் போன் செய்தார். வழக்கமாக அக்காதான் முதலில் பேசுவாள், இந்தமுறை அவர். அந்த மருந்துக்கடைப் பெண் பொதுப் பக்கத்தில் ஊசிக்கு ஒரு செய்தி போட்டிருக்கிறாள், வாசித்துக் காட்டுகிறேன் என்றார். உங்கள் பெயரைச் சொல்லி ஒரு ஆள் ஏமாற்றப் பார்த்தார், எங்கள் கப்பல் சார்பாக மன்னிப்புக் கேட்கிறோம், இத்தனை வருடம் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் செய்துகொடுத்தீர்கள், இந்த மாதிரி ஆட்களால் மனம் விட்டுவிடாதீர்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே ஊர் ஊராக ஆட்கள் வந்து எழுதியிருந்தார்கள். வெட்கங்கெட்டவன், சோற்றில் உப்பு போட்டுத்தான் சாப்பிடுகிறானா என்று ஒருவர். ஊசி மாதிரி ஒரு மனிதரைப் பார்க்க முடியுமா என்று அடுத்தவர்.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "திட்டுறதும் உங்களைத்தான், தூக்கி வச்சு ஆடுறதும் உங்களைத்தானா? நல்லா இருக்குங்க கூத்து. டிரெய்னிங்குக்குப் போனவருக்கு இந்த மரியாதையாவது கிடைச்சுதே!"

"திட்டுறது பரவாயில்ல மாப்ளே" என்றார் அத்தான். "அது எனக்கு உள்ளதுதான். இந்தப் புகழ்ச்சிதான் தாங்கல. சாப்பிட உக்காந்தா அந்தப் பொண்ணு சொன்னது காதுல கேக்குது. ஒரு கோடு கூட எடுத்துக்காத மனுஷனாம்."

"பதில் போடாம விட்டுடுங்க. தானா அடங்கிடும்."

"விட்டா அவங்க புகழ்ந்துக்கிட்டே இருப்பாங்க. நான் உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கணும்."

பிறகு என்ன எழுதினார் என்று நானே அந்தப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நீளமாக ஒன்றும் இல்லை. "வந்தது நான்தான். பொய் சொன்னது ஊசி என்ற இடத்தில் இல்லை, காலரில்தான். அந்தப் பதவியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. பதிவு மேசையில் இருந்த பெண் செய்தது சரி." கீழே குட்டி ஊசிப் படம் போடவில்லை. அதற்குப் பதில், சாட்சிக்கு, அவரிடம் மட்டுமே இருந்த இளநிலை அலுவலர் டிசைனின் மூல ஃபைலை இணைத்திருந்தார்.

திட்டியவர்கள் சிலர் தாங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்தார்கள், புகழ்ந்தவர்களும் அழித்தார்கள். டிரைவிங் ஸ்கூல் அட்மிரல் மட்டும், "நான் நூல் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று போட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தப் பெண் எழுதினாள்: "சரிங்கய்யா. சொன்னதற்கு நன்றி." அவ்வளவுதான். அந்தச் 'சரி'யை அத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் இரண்டு திட்டு திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன் என்றார்.

அவருடைய சொந்தக் கப்பலுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அதன் கேப்டன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கே வந்தார். நான் லீவில் அங்கே இருந்தேன். அத்தானின் மூலையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் கிடந்த நூல்கண்டுகளை அக்கா அள்ளி ஒரு வாளியில் போட்டு, அவரை உட்காரவைத்தாள்.

"என்னய்யா இது?" என்றார் கேப்டன். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?"

"கேட்டு வாங்கக் கூடாதுன்னு நான்தானே எழுதி வச்சேன்."

"எழுதினா? நீ என்ன கல்வெட்டா வெட்டின? எங்களுக்கு அவமானமா இருக்குய்யா. இத்தனை வருஷம் நம்ம ஆளு ஒத்தைக் கோட்டோட நின்னிருக்கான், ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல. இந்தக் கூட்டத்துல மொத வேலை உன் பேரைச் சொல்றதுதான். ரெண்டு படி சேத்தே குடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

அத்தான் எழுந்துவிட்டார். "வேண்டாம். என் பேரை எடுத்தீங்கன்னா நான் ஹாலுக்கே வரமாட்டேன்."

"வராட்டி பட்டை யார் குடுப்பா?"

"தச்சு அனுப்பிடுறேன். நான் வரல."

"அட, ஏன்யா?"

"திருடிட்டு வந்தவனைக் கூப்பிட்டு, பாவம் பசியிருக்கும்னு அதையே கையில குடுக்குற மாதிரி இருக்கு." அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "அதைப் போட்டுக்கிட்டு எப்படி நிக்கிறது? பாக்குறவங்க எல்லாரும், இது ஓட்டுல வந்ததா, அழுது வந்ததான்னு பாப்பாங்க. நானே அப்படித்தான் பாப்பேன்."

கேப்டன் அக்காவைப் பார்த்தார். அக்கா என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயம். இந்தப் பட்டைச் சமாச்சாரத்துக்கு ஒரு நாளும் பரிந்து பேசாதவள். "அவர் வரமாட்டேன்னு சொல்றதைக் கேக்காதீங்கண்ணே. பேரைச் சொல்லாம இருங்க. ஆளை நான் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

கூட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். அக்கா ஒரு நாளும் அந்த வாசலை மிதித்தவள் இல்லை. "தனியா விட்டா பாதி வழியிலயே இறங்கித் திரும்பிடுவார்" என்று கைப்பையோடு முன்னால் நடந்தாள். அத்தான் எப்போதும் போல மூலையில் மேசை போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். ஆட்கள் மேசைக்கு வந்தார்கள். முன்பெல்லாம் "ஊசி, இதைக் கொஞ்சம் பாருய்யா" என்று காலரை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார்களாம். அன்றைக்கு, "நேரம் இருக்குமாண்ணே?", "பரவாயில்லண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். ஒவ்வொரு மரியாதைக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. பேக்கரிக்காரர் ஒரு பெட்டி நிறைய பிஸ்கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் விளையாட்டாத்தான் கேட்டேன்..." என்று தொடங்கினார்.

"உங்க மேல என்ன இருக்கு? காலரைக் காட்டுங்க, ஓரம் பிரிஞ்சிருக்கு" என்று அத்தான் அவரை அருகில் இழுத்து நூலை அறுத்தார்.

மேடையில் பெயர்களை வாசித்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு லாரி ஓட்டுநர், கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். ஒவ்வொரு பெயருக்கும் ஹாலில் எல்லோருடைய கண்ணும் மேடைக்குப் போய்விட்டு, ஒரு நொடி மூலை மேசைக்கு வந்து திரும்பியது. கேப்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அத்தான் பெயரை எடுக்கவில்லை. அத்தான் ஒவ்வொருவருக்கும் கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார், அது தெரிந்து சட்டென்று நிறுத்தினார். பட்டைகளை அவரே தட்டில் வைத்து மேடைக்கு எடுத்துப் போக வேண்டும். அந்த நடைக்கு முன்னால் வெளியே போய்விடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனார், மேடைக்குத்தான். தட்டைக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்து இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா கேட்டாள். "அடுத்த வருஷமாவது குடுப்பாங்களா?"

"யாராவது பேரைச் சொன்னா ஓட்டு விழலாம். விழாமலும் போகலாம்."

"விழுந்தா வாங்கிக்குவீங்கல்ல?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்குறது?"

"வேற மூஞ்சி வாங்கியா தர முடியும்? இதையே வச்சுக்கிட்டு வாங்குங்க."

பஸ் வந்தது. இரண்டு இடம்தான் காலியாக இருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டி இருந்த பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அத்தான் நின்றுகொண்டே வந்தார்.